டென்னிஸ் மைதானத்தின் அடியில் இருந்த பாறை

நம் மண் ஆய்வு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

இந்த மாதிரி எழுதுவது வழக்கமாக ஓய்வு பெற்றவர்களின் வேலை. மாலை போட்டு, சால்வை போர்த்தி, கையில் ஒரு சுவர்க்கடிகாரத்தையும் கொடுத்து அனுப்பிய பிறகு, இனி யாரும் தங்களை எதுவும் செய்ய முடியாது என்ற தைரியத்தில் எழுதுவார்கள். எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. ஆனால் போன மாதம் என்னைக் களத்திலிருந்து பிடுங்கி மின்விசிறிக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். இதற்குப் பதவி உயர்வு என்று பெயர். மலை ஏறி இறங்கி நாலு பேருக்குத் தொந்தரவு கொடுத்துப் பாருங்கள், உங்களுக்கும் சீக்கிரமே கிடைக்கும்.

குழி எப்படி வெட்டுவது, மண்ணை எப்படிச் சலிப்பது, எந்தக் களிமண்ணுக்கு என்ன பெயர் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நீங்கள் என்னைவிட நன்றாகவே மனப்பாடம் செய்திருப்பீர்கள். புத்தகத்தில் இல்லாதது ஒன்றுண்டு. நீங்கள் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, உங்களைச் சுற்றி நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களை என்ன செய்வது? அதைப் பற்றித்தான் இது.

என்னைப் பற்றி ஒரே ஒரு பத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எருத்தேன்பதிக்காரி. மலையாள நாட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். வீட்டு வாசலில் நின்று எச்சில் துப்பினால் தமிழ்நாட்டில் விழும். அங்கே மண் கறுப்பு. என் அப்பாவும் அம்மாவும் அந்தக் கரிசலில் அடுத்தவர்களுக்காகக் கடலையும் பருத்தியும் விளைவித்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசலை உள்ளே இருந்து பார்த்த முதல் ஆள் நான்தான். மண்ணியல் படிக்கக் கல்லூரிக்குப் போகிறேன் என்றபோது, "மண்ணப் படிக்கறதுக்கா அத்தன தூரம் போறே? இங்கயே கெடக்குதே, குனிஞ்சு எடுத்துக்க" என்றாள் அம்மா. போனேன், படித்தேன், பட்டத்தோடு வந்தேன். இதில் அடக்கமாகச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாததால் அடக்கமாகச் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எழுபதுகளின் நடுவில், சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டம். பெயர் வேண்டாம், அவர்கள் ஏலக்காய் மணமாகத்தான் இருக்கும். அங்கே தொழிலாளர்கள் குடியிருந்த லயம் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, அதற்குள்ளேயே அடுப்பு, அதற்குள்ளேயே மழை. முந்தைய ஆண்டு இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், ஒரு சுவர் படுத்துவிட்டது. ஆள் யாரும் அடியில் இல்லை என்பதால் அதை விபத்து என்று யாரும் எழுதவில்லை. அரசாங்க உதவியோடு புது லயம் கட்டுவதென்று முடிவாகியிருந்தது. அரசாங்கப் பணம் என்பதால், இடம் வீடு கட்டத் தகுந்தது என்று நம் அலுவலகத்தின் சான்று வேண்டும். அதற்கு என்னை அனுப்பினார்கள்.

நான் போய் இறங்கியபோது பந்தல் போட்டாகிவிட்டது. மறுநாள் காலை அமைச்சர் வந்து அடிக்கல் நாட்டுகிறார். அடிக்கல்லில் அவர் பெயரும் செதுக்கியாகிவிட்டது. தென்னங்குருத்துத் தோரணம்கூடக் கட்டியாகிவிட்டது. எல்லாம் தயார். மண் மட்டும்தான் பாக்கி.

திட்டத்தின் என்ஜினீயர் எங்கள் சித்தூர்ப் பக்கத்து மனிதர். வெள்ளை வேட்டி, தொப்பி, கையில் ஒரு பிரம்பு. என்னைப் பார்த்ததும் என் பின்னால் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். ஆபீசர் இறங்கவில்லையே என்று தேடினார்.

"ஏனம்மிணி, ஆபீசர் வரலீங்களா?"

"நாந்தானுங்க ஆபீசர்."

"அப்படியா? ரொம்ப சந்தோசம்." முகத்தில் சந்தோஷம் வர நேரமாயிற்று. "எந்த ஊரு?"

"எருத்தேன்பதிங்க."

"அட, நம்ம பக்கம்! அங்க யாரு தோட்டம் உங்குளுது?"

"தோட்டம் எங்குளுது இல்லீங்க. அதுல செய்யற வேலைதான் எங்குளுது."

அதற்கு மேல் அவர் ஊர்க்கதை பேசவில்லை.

இடம் பார்க்க அழகாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். மலைச்சரிவில் ஒரு மெத்தை போட்டது போல் லேசான சமதளம். கீழே பாதைக்காக மண்ணை வெட்டியிருந்தார்கள். அந்த வெட்டில் சிவப்புக் களிமண்ணும் நடுநடுவே பெரிய பெரிய கற்களும் தெரிந்தன. சோதனைக் குழியை எனக்கு முன்பே வெட்டி வைத்திருந்தார்கள், அன்பான மனிதர்கள். என்ஜினீயர் ஒரு ஆளை உள்ளே இறக்கிக் கடப்பாரையால் தட்டச் சொன்னார். 'டங்' என்றது.

"கேட்டுக்கிட்டியா அம்மிணி? பாறை! இடுப்பு ஆழத்துலயே பாறை. இதுக்கு மேல வீட்டுக்கு என்ன வேணும்? ஒரு கையெழுத்தப் போட்டுட்டு வா, துரை பங்களாவுல மத்தியானச் சாப்பாடு சொல்லியிருக்கறாரு."

துரை என்பது தோட்டத்து மேனேஜர். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலமாகியும் அந்தப் பட்டத்தை மட்டும் யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. இவர் கோட்டயம் பக்கத்துக்காரர். அரைக்கால் சட்டை, நீளக் காலுறை. "மிஸ், ஒரு ஒப்பு. அத்தரேயுள்ளு" என்று, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் என்பதுபோல, தன் பேனாவைத் திறந்தே நீட்டினார்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சின்னப் பாடம், படித்ததுதான். இந்த மலைகளில் இருப்பதெல்லாம் உருமாறிய பாறைகள். பூமிக்குள் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்து வேறொன்றாக மாறியவை. அதில் ஒரு வகை வரிப்பாறை. கைத்தறித் துண்டின் கரை மாதிரிக் கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடும். மலையோடு ஒட்டிய பாறை என்றால், பக்கத்தில் எங்கே பார்த்தாலும் அந்த வரி ஏறக்குறைய ஒரே திசையில்தான் போகும். அந்த மலை முழுக்க ஒரே துணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பேனாவை வாங்காமல் பாதை வெட்டுக்கு இறங்கினேன். ஒரு கல்லில் வரி நெட்டுக்குத்தாக நின்றது. அடுத்த கல்லில் படுத்துக் கிடந்தது. அதற்கடுத்ததில் சாய்ந்து, கிட்டத்தட்டத் தலைகீழாக. கீழே ஓடைக்குப் போனேன். ஓடை தேய்த்துக் கழுவிய உண்மையான பாறை அங்கே தெரிந்தது. அதன் வரியெல்லாம் ஒழுங்காக வடக்கு நோக்கி ஓடியது. மேலே இருந்த கற்களுக்கு அந்த ஒழுங்கு இல்லை. அதாவது அவை அந்த ஊர்க்காரர்கள் இல்லை. எப்போதோ ஒரு மழையில் உச்சியிலிருந்து உருண்டு, களிமண்ணோடு களிமண்ணாக வந்து உட்கார்ந்தவை. குழியில் 'டங்' என்றதும் அந்தக் கும்பலில் ஒன்றுதான். அந்த அழகான மெத்தை, பழைய உருள்பொட்டலின், அதாவது நிலச்சரிவின், மிச்சம். ஒரு முறை இறங்கிய மண் இன்னொரு முறை இறங்க யாரிடமும் சான்று கேட்காது.

என்ஜினீயரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "கல்லுல வரி கோணலா இருக்குதுன்னு லயத்த நிறுத்தச் சொல்றியே அம்மிணி. அமைச்சர்கிட்ட நான் போயி வரி சரியில்லீங்கன்னு சொல்லோணுமா?"

பிறகு மேலே போனேன். ஏலச்செடிகளின் சருகை விலக்கியபோது வெடிப்பு இருந்தது. வில்லைப் போல் வளைந்து, சரிவின் குறுக்கே, ஒரே ஒரு வெடிப்பு. கையை விட்டேன், அடி தட்டவில்லை. வெடிப்பின் கீழ்ப்பக்கத்து மண் மேல்பக்கத்தைவிட ஒரு சாண் தாழ்ந்திருந்தது.

மேனேஜரும் எட்டிப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் மாறியது. என்ஜினீயர் முகம் மாறவே இல்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு பிழையை அவர் செய்தது இங்கேதான்.

"இதுக்கா பயப்படறீங்க, துரைங்க? நான் பொறந்ததே வெடிப்புலதானுங்க. எங்க சித்தூருப் பக்கம் பங்குனி சித்திரையில காடு முச்சூடும் இப்படித்தான் வாயத் திறந்துட்டு நிக்கும். கன்னுக்குட்டி காலே உள்ள போயிரும். ரெண்டு மழை பேஞ்சா தானா மூடிக்கும். அம்மிணிக்கே தெரியுமே, கரிசக்காட்டுல பொறந்தவளாச்சே."

ஆமாம், கரிசக்காட்டில் பிறந்தவள்தான். அதனால்தான் தெரியும். கரிசல் வெடித்தால் வலை போல் வெடிக்கும். ஆறுபக்கமும் பிளந்து, காடு முழுக்கக் கட்டம் கட்டமாக. அந்த மண் தண்ணீரைக் குடித்தால் உப்பி, வாயை மூடிக்கொள்ளும். இந்த மலைச் சிவப்புக் களிமண் அப்படி உப்புகிற ஜாதி இல்லை. இது ஒரே கோடாக வளைந்து வெடித்தால், கோடைக்காக வெடிக்கவில்லை, கிளம்புவதற்காக வெடித்திருக்கிறது. கீழ்ப்பக்கம் ஏற்கெனவே ஒரு சாண் புறப்பட்டுவிட்டது. எங்கள் ஊரில் பிறந்த ஒருவருக்குத்தான் இந்த வெடிப்பைப் பார்த்து இவ்வளவு நிம்மதி வரும். ஒரு இடத்து மண்ணை நன்றாகத் தெரிந்தவர், அடுத்த இடத்து மண்ணும் தனக்குச் சொந்தக்காரன் என்று நினைத்துக்கொள்வார். நீங்கள் எந்த ஊரிலிருந்து வந்திருந்தாலும் உங்கள் ஊர் மண்ணைச் செருப்போடு சேர்த்து வாசலில் உதறிவிட்டு வாருங்கள்.

நான் இதையெல்லாம் மரியாதையாக, நிறைய '-ங்க' போட்டுச் சொன்னேன். அதனால்தானோ என்னவோ அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சரி, பேச்செதுக்கு? தண்ணிய ஊத்திப் பாத்துரலாம். மூடுதா இல்லியான்னு தெரிஞ்சுரும்."

ஓடையிலிருந்து தண்ணீர் தூக்கப் பெண்களைக் கூப்பிட்டார்கள். பழைய லயத்துப் பெண்கள். அன்றைக்குக் களை எடுக்க வேண்டியவர்கள். அவர்களுக்கு முன்னால் நடந்தவள் ஞானம்மா. ஐம்பது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்தவள். முந்தைய மழையில் படுத்தது அவள் வீட்டுச் சுவர்தான்.

"மலைக்குத் தண்ணி ஊத்தச் சொல்லுதாவளே, மலைக்கு என்ன காய்ச்சலா?" என்று குடத்தை இறக்கினாள். பெண்கள் சிரித்தார்கள். என்ஜினீயர் சிரிக்கவில்லை.

ஊற்றினார்கள். குடம் குடமாக ஊற்றினார்கள். வெடிப்பு மூடவில்லை. நிரம்பவும் இல்லை. தண்ணீர் உள்ளே போகும் சத்தம் மட்டும் கேட்டது. நான் ஞானம்மாவைக் கூப்பிட்டு, "நீங்க கொஞ்சம் கீழ பாதை வெட்டுக்குப் போய் நில்லுங்க. அங்க என்ன வருதுன்னு சத்தம் போட்டுச் சொல்லுங்க" என்றேன். போனாள். நாங்கள் மேலே வெயிலில் நின்றோம். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்ஜினீயர் பிரம்பால் காலுறையில் ஒட்டிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். மேனேஜரின் காலுறையில்.

கீழேயிருந்து சத்தம் வந்தது. "தாயி! கல்லுக்கு அடியில இருந்து தண்ணி வருது! சேறா வருது!"

எல்லோரும் இறங்கி ஓடினோம். கற்களுக்கும் களிமண்ணுக்கும் நடுவே, சரியாக லயத்தின் முன்சுவர் வரப்போகிற கோட்டில், காப்பித் தண்ணீர் மாதிரிக் கசிந்துகொண்டிருந்தது. மேலே வெடிப்பில் போன தண்ணீர் அடியிலேயே ஒரு வழி போட்டு வைத்திருந்தது. இத்தனைக்கும் இது பெண்கள் தலையில் சுமந்து ஊற்றிய தண்ணீர். இடவப்பாதி குடத்தில் ஊற்றாது.

இனி நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்தேன். அது என் அனுபவக் குறைவு. என்ஜினீயர் குனிந்து அந்த நீரைத் தொட்டுப் பார்த்து, மேனேஜர் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"ஊத்துத் தண்ணிங்க! பாத்தீங்களா? வாசல்லயே ஊத்து. கெணறு வெட்டற செலவே மிச்சமுங்க."

தம்பிமார்களே, தங்கைகளே, கண்ணால் பார்த்தால் நம்பிவிடுவார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பந்தல் போட்டுவிட்ட மனிதனுக்குக் கண் வேறு மாதிரி வேலை செய்யும்.

நான் ஏட்டை எடுத்து 'தகுதியற்ற இடம்' என்று எழுதப் போனேன். நிமிர்ந்தால் ஞானம்மா எதிரில் நிற்கிறாள். இடுப்பில் காலிக் குடம்.

"என்ன எழுதப் போற தாயி?"

"இந்த எடம் வேண்டாம்னு. பெரு மழை வந்தா மொத்தமா எறங்கிரும்."

"எறங்கும். நானுந்தான் பாத்தேனே. எழுதிட்டு?"

"எழுதிட்டு ஆபீசுக்கு அனுப்புவேன்."

"அனுப்பிட்டு நீ ஜீப்புல ஏறிப் போயிருவ. அமைச்சரு திரும்பிப் போயிருவாரு. துட்டும் அவரு பின்னாலயே போயிரும். நாங்க? எம் மருமவளுக்கு ஆனி மாசம் பேறுகாலம். போன மழைக்கு விழுந்த சொவத்துல தகரத்த வச்சு முட்டுக் குடுத்து உக்காந்துருக்கோம். இந்த எடத்துல போட்டா மலை விழுந்து சாவோம், போடாட்டி கூரை விழுந்து சாவோம். ஒனக்கு எது தோதுன்னு எழுதிட்டுப் போ."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் இரண்டு கைகளாலும் அந்தக் குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

'தகுதியற்றது' என்று எழுதுவது சுலபம். அது நம்மைக் காப்பாற்றும். நாளைக்கு எது விழுந்தாலும் நம் கை சுத்தம். ஆனால் அவளுக்கு அந்தச் சுத்தமான கையால் ஒரு பயனும் இல்லை. வேண்டாம் என்று சொல்கிறவள் எங்கே என்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு அதை எனக்குத் தெரிவித்தது அவளுடைய கோபம்தான்.

மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு நடந்தேன். எனக்குத் தேவை ஒன்றே ஒன்று: ஓடையில் பார்த்த அதே திசையில் வரி ஓடும் பாறை, லயம் கொள்கிற அளவுக்குச் சமமான நிலத்தில். ஏலக்காய் உலர்த்தும் கட்டிடத்துக்குப் பின்னால் பார்த்தேன், களிமண்தான், ஆழமாக. ஆஸ்பத்திரி மேட்டில் பார்த்தேன். மறுபடியும் உருண்டு வந்த கல். ஞானம்மா என் பின்னாலேயே வந்தாள். களை எடுக்கப் போகவில்லையா என்று கேட்டேன். "துரைக்குத் தண்ணி தூக்குன அலுப்பு" என்றாள்.

கடைசியாகத் தோட்டத்தின் முதுகெலும்பு மாதிரி ஓடும் மேட்டில் ஏறினோம். அங்கே மேனேஜர் பங்களா. அதை ஒட்டி ஒரு டென்னிஸ் மைதானம். அதைச் சமப்படுத்துவதற்காக ஓரத்தில் பாறையை வெட்டியிருந்தார்கள். வெட்டுமுகத்தில் வரிகள். வடக்கு நோக்கி, நூல் பிடித்த மாதிரி. சுத்தியலால் அடித்தேன், சுத்தியல்தான் துள்ளியது. அந்தக் காலத்து வெள்ளைக்காரனுக்கு யாரும் மண்ணியல் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் தோட்டத்திலேயே உறுதியான இடத்தில் தன் கட்டிலையும், அதற்கு அடுத்த உறுதியான இடத்தில் தன் பந்தையும் போட்டிருந்தான். ஆட்களை மட்டும் கீழே களிமண்ணில் வைத்திருந்தான். இதைத் தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

"இங்கயா?" என்றாள் ஞானம்மா. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கீழே உட்கார்ந்துவிட்டாள். "ஏ தாயி, இங்கயா!"

அறிக்கையை அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். தேர்ந்தெடுத்த இடம் தகுதியற்றது. தகுதியான இடம், பங்களாவை ஒட்டிய டென்னிஸ் மைதானம். மேனேஜர் படித்தார். மறுபடி படித்தார்.

"மிஸ், இது தமாஷா?"

"இல்லை சார்."

"இது கோர்ட்!"

"யாராவது ஆடறாங்களா சார்?"

"இப்ப யாரும் ஆடறில்லா. அது வேற காரியம். ஆடினா? கோர்ட் வேணுமல்லோ!"

என்ஜினீயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அம்மிணி, நம்ம ஊருப் புள்ளன்னு சொல்றேன். படிச்சு மேல வந்திருக்கறே. எதுக்கு உனக்கு இந்த வம்பு? அடிக்கல்லு வேறெங்கயும் போகாது. வேணும்னா 'பாதுகாப்புச் சுவரோட கட்டலாம்'னு ஒரு வரி சேத்துக்க. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"ஞானம்மாளுக்குங்க?"

"யாரது?"

நான் அறிக்கையின் ஒரு பிரதியை மேனேஜரிடம் கொடுத்தேன். அதை மேலிடத்துக்கு முறைப்படி அனுப்பி வைப்பதாகவும், பதில் வரும்வரை விழா திட்டப்படி நடக்கும் என்றும் சொன்னார். பதில் எப்போது வரும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கென்று ஒதுக்கியிருந்த விருந்தினர் அறையின் சாவி அன்று மாலை தொலைந்துபோய்விட்டது. பாவம், நிறையத் தேடினார்களாம். நான் ஞானம்மா வீட்டில் படுத்தேன், தகரச் சுவர்ப் பக்கமாக.

காலையில் தோட்டத்தில் பெரட்டு நடக்கும். எல்லோரையும் வரிசையாக நிறுத்தி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பது. ஞானம்மாவோடு நானும் போய் நின்றேன். அன்றைக்கு வேலை இல்லை. எல்லோரும் பந்தலுக்குப் போய்க் கை தட்ட வேண்டும் என்பதுதான் வேலை. அந்த நேரத்தில் நான் ஒரு கல்லின் மேல் ஏறி, ஆங்கிலத்தில் எழுதியிருந்த அறிக்கையைத் தமிழில் சொன்னேன். எந்த இடம் ஏன் கூடாது, எந்த இடம் ஏன் ஆகும் என்று. அறிக்கையை உரிய அலுவலரிடம் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, கொடுத்துவிட்டேன். அதில் வாழப்போகிறவர்களிடம் சொல்லக் கூடாது என்று விதி இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

யாரும் கோஷம் போடவில்லை. "கோர்ட்டுலயா?" என்று ஒருவன் கேட்டான். பிறகு ஞானம்மா குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தாள். பின்னால் மற்றவர்கள் நடந்தார்கள். அவள் மருமகள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினாள்.

அமைச்சரின் கார் வந்தபோது பந்தலில் மேனேஜர், என்ஜினீயர், ஒலிபெருக்கிக்காரர் மூவரும் இருந்தார்கள். மற்ற எல்லோரும் டென்னிஸ் மைதானத்தில், வலைக்கு இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள். அமைச்சர் காரிலிருந்து இறங்கிப் பந்தலைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். அவருக்கு மண்ணைப் பற்றித் தெரியாது. ஆனால் கூட்டம் எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தெரியும். அந்தப் படிப்பில்லாமல் அந்தப் பதவிக்கு வர முடியாது.

"அவர்களெல்லாம் ஏன் அங்கே நிற்கிறார்கள்?" என்று மலையாளத்தில் கேட்டார்.

மேனேஜர் என்ஜினீயரைப் பார்த்தார். என்ஜினீயர் வியர்வையைத் துடைத்தார். பிறகு, அவர் மேல் எனக்கு இன்றைக்கும் இருக்கிற மரியாதைக்குக் காரணமாக, கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்:

"இடம் அதுதானுங்க சார். பாறை நல்லாருக்குதுன்னு கடைசி நேரத்துல மாத்திட்டோமுங்க. பந்தல்தான் மாத்த நேரமில்லாமப் போச்சு."

அடிக்கல்லை நாலு பேர் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். பேச்சில் அமைச்சர் என்ஜினீயரின் தொலைநோக்கைப் பாராட்டினார். மண் ஆய்வு அலுவலகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எனக்கு வந்தது ஒரு மெமோ மட்டும்: அனுமதியின்றித் தொழிலாளர்களைக் கூட்டிப் பேசியது ஏன்? நான் கூட்டவில்லை, அவர்களைத் தோட்டம்தான் கூட்டியிருந்தது என்று பதில் எழுதினேன். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

கதையை இங்கே முடித்தால் எனக்கு வசதி. ஆனால் மீதியையும் கேளுங்கள். அந்த மழைக்குள் லயம் எழும்பவில்லை. ஞானம்மாவின் மருமகள் பழைய லயத்தில்தான், தகரச் சுவருக்குப் பக்கத்தில்தான் பிள்ளை பெற்றாள். ஒன்றும் ஆகவில்லை என்றால் அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. அந்த அழகான சரிவும் அந்த மழையில் விழவில்லை. அடுத்த மழையிலும் விழவில்லை. வெடிப்பு மட்டும் ஒரு முழமாகியிருக்கிறது. என்ஜினீயரை எந்தக் கூட்டத்தில் பார்த்தாலும், "ஏனம்மிணி, உன்ற மலை விழுந்துருச்சா?" என்று கேட்பார். இன்னும் இல்லீங்க என்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். இந்த வேலையில் நீங்கள் சொன்னது சரி என்று நிரூபணமாக வேண்டுமானால் யாராவது சாக வேண்டியிருக்கும். அதனால் சிரிப்பை வாங்கிக்கொள்ளப் பழகுங்கள். எனக்குப் பழகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சிரிப்பவர்களின் பெயர் எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

களத்திலிருந்து என்னை எடுப்பதற்கு முன் கடைசியாக அந்தப் பக்கம் போனபோது புது லயத்தைப் பார்க்கப் போனேன். வெள்ளை அடித்து, ஓடு வேய்ந்து, வரிசையாக நின்றது. ஞானம்மாவின் பேரன் வாசலில் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தான். ஞானம்மா என்னைப் பார்த்ததும் வா என்றுகூடச் சொல்லவில்லை.

"வந்தியா? வா, வந்து பாரு நீ செஞ்ச வேலைய. துணி காயப்போட ஒரு கம்பு நட முடியல. ரெண்டு கையகலம் மண்ணு, அதுக்குக் கீழ கல்லு. எல்லா வீட்டுலயும் என்னியத்தான் ஏசுதாவ. நீதான இந்த எடம்னு எழுதுன? நீயே நட்டுக் குடுத்துட்டுப் போ."

புடவையைச் செருகிக்கொண்டு கடப்பாரையை வாங்கினேன். வாசலின் இந்த மூலையிலும் அந்த மூலையிலும் முயன்றேன். கை காய்த்ததுதான் மிச்சம். பெண்கள் வாசல்களில் நின்று யோசனை சொன்னார்கள், சிரித்தார்கள். கம்பு இறங்கவே இல்லை. கடைசியில் கயிற்றின் ஒரு முனையை அவள் வீட்டு ஜன்னல் கம்பியிலும் மறுமுனையை அடுத்த வீட்டு ஜன்னல் கம்பியிலும் இழுத்துக் கட்டினேன். ஞானம்மா ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக அதில் போட்டாள்.